மாப்பிள்ளை பொண்ணுட வீட்டுக்கு வாற வழக்கம் உலகத்துல வேற எங்கெங்க இருக்கு?

களுவாஞ்சிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடி, இப்ப கொழும்புல வேலை. ஒபீஸ்ல ஹட்டன், கண்டி, யாழ்ப்பாணம், புத்தளம் எண்டு எல்லா இடத்து ஆக்களும் இருக்காங்க. போன கிழமை சாப்பிடுற நேரம் எங்கட அக்காட கலியாணக் கதை வந்துது. அத்தான் இப்ப எங்கட வீட்டுலதான் இருக்கார், அது இப்ப அக்காட வீடு, அம்மா அப்பா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு பின் வளவுல கட்டின சின்ன வீட்டுக்கு மாறிட்டாங்க, இனி எனக்கு அத்திவாரம் வெட்டணும் எண்டு சும்மா சொல்லிட்டன். எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை! ஹட்டன் பிள்ளை கேக்குறா, அப்ப உங்கட அத்தானுக்கு சொந்த வீடு இல்லையா, அவர்ட அம்மா அப்பாவை யார் பார்க்கிற எண்டு. அவர்ட தங்கச்சிமார் பக்கத்துலயே இருக்காங்க, அவங்கதான் பார்க்கிறாங்க எண்டு சொன்னா அதுவும் விளங்கல்ல. ஒரு சேர் மட்டும் இது உலகத்துல எங்கயும் இல்லாத வழக்கம், மட்டக்களப்புலதான் இப்பிடி எண்டு முடிச்சிட்டார்.

எனக்கு அது மனசுக்குள்ள கிடந்து உறுத்துது. நான் சின்னனுல இருந்து பார்த்தது இதுதான். எங்கட ரோட்டுல அம்மாட தங்கச்சி வீடு, அதுக்கு அங்கால பெரியம்மா வீடு, மதிலுக்கு நடுவுல ஒரு சின்ன கேட், புட்டு அவிச்சா அந்த கேட்டால போகும், புள்ள அழுதா அந்த கேட்டால ஆள் வரும். இது ஏன் விசித்திரமா தெரியுது எண்டு எனக்கு உண்மையா விளங்கல்ல.

அதால கேக்கிறன். வேற எந்த நாட்டுல, எந்த சனத்துக்கிட்ட இப்பிடி இருக்கு? எங்கட பக்கத்துல தமிழ் ஆக்களுக்கும் முஸ்லிம் ஆக்களுக்கும் ரெண்டு பேருக்கும் இது எப்பிடி வந்துது? மறுகா ஒண்டு, அந்த நாடுகள்ல பொம்பிளையளுக்கு உண்மையா சொல்லுக்கு மதிப்பு இருக்கா, இல்ல வீடு மட்டும்தானா? தெரிஞ்ச ஆக்கள் விபரமா சொல்லுங்க, நான் அந்த சேருக்கு திருப்பிச் சொல்லணும்.

படுவான்கரையான்:

தங்கச்சி, முதல்ல அந்த சேர்ட சொந்த நாட்டுலயே இருக்கு எண்டு சொல்லுங்க. கண்டிச் சிங்கள ஆக்கள்ட சட்டத்துல ரெண்டு விதமான கலியாணம். பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனா தீக, மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வந்தா பின்ன. பின்ன முறையில வந்த புருசன் ஒரு கைத்தடி, ஒரு தாளிப்பனை ஓலைக்குடை, ஒரு பந்தம் மூண்டையும் எப்பவும் வாசலடியில தயாரா வைச்சிருக்கணும் எண்டு பழைய ஆக்கள் சொல்லுவாங்களாம். ஏனெண்டா மாமனார் வீட்டுல எந்த நேரம் வெளிய போ எண்டாலும், மழையோ வெயிலோ ராவோ, அவன் வெளிக்கிடணும். எங்கட பக்கத்து மருமகன்மாருக்கு அந்த நிலமை இல்ல, வந்த இடத்துல மரியாதையாத்தான் இருக்காங்க, ஆனா வழக்கத்துட அடி ஒண்டுதான்.

மற்றது கேரளா. நாயர் ஆக்களுக்கு மருமக்கத்தாயம் எண்டு ஒரு முறை. பெரிய தறவாட்டு வீடு, அதுல ஒரு தாய்வழிப் பொம்பிளையளும் அவங்கட பிள்ளைகளும் சகோதரன்மாரும் இருப்பாங்க, சொத்தை நிர்வாகம் பண்ணுறது மூத்த தாய்மாமன், கரணவர் எண்டு சொல்ற. புருசன் வந்து போற ஆள். மகனுக்கு இல்ல, மருமகனுக்குத்தான் அதாவது சகோதரிட மகனுக்குத்தான் உரிமை. 1933ல மெட்ராஸ் மாகாணத்துல வந்த சட்டம் பாகம் பிரிக்க விட்டுது, மறுகா 1975ல கேரள சட்டசபை கூட்டுக்குடும்ப முறையை ஒழிக்கிற சட்டம் கொண்டு வந்து 1976 டிசம்பர்ல இருந்து அது முடிஞ்சே போச்சு.

இதை ஏன் நீட்டிச் சொல்றன் எண்டா எங்கட பக்கத்து முக்குவர் சமூகத்துட பழைய முக்குவச் சட்டமும் கிட்டத்தட்ட இதுதான். முதுசம் எண்டுற பரம்பரைச் சொத்து தாய்வழியில சகோதரிட பிள்ளைகளுக்கு, தேடிய தேட்டம் சொந்தப் பிள்ளைகளுக்கு. இங்கிலீஷ்காரன் 1876ல கொண்டு வந்த விவாக உரிமை, வழியுரிமைச் சட்டத்தோட அது கோட்டுல செல்லாமப் போச்சு. ஆனா கோட்டுல போனது வீட்டுல போகல்ல, கோயில்லயும் போகல்ல. இண்டைக்கும் எங்கட கோயில்கள்ல திருவிழா குடி குடியாத்தான், குடி எண்டா ஒரு வம்சக் கூட்டம், காளாஞ்சி எண்டுற கோயில் மரியாதை குடுக்கிற நேரம் குடிப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறது, அந்தக் குடி தாயால வாறது, தகப்பனால இல்ல. ஒரே குடிக்குள்ள கலியாணமும் இல்ல, அது அண்ணன் தங்கச்சி முறை.

மலையாளக் கரையில இருந்து வந்த தொடர்பு எண்டுதான் ஆராய்ச்சி செய்த ஆக்கள் கனபேர் சொல்றாங்க. 1215ல கலிங்க மாகன் கேரளப் படையோட வந்து இறங்கினான் எண்டு சூளவம்சம் எண்டுற பழைய இலங்கை வரலாற்று நூல்லயே இருக்கு. அந்தப் படையில வந்த ஆக்கள்தான் நாங்க எண்டு அறுதியிட்டு நான் சொல்லமாட்டன், ஆனா வண்ணக்கர் எண்டுற கோயில் நிர்வாகி, போடியார் எண்டுற பெரிய வயல்காரர், குடி, அதுக்குள்ள வயித்துவார் எண்டுற தாய்வழிக் கிளை எண்டு எங்கட ஒழுங்கு முழுக்க அந்தக் கரையோடதான் பொருந்துது.

கடைசியா ஒண்டு. வெளியூர் ஆக்கள் மட்டக்களப்புக்கு வேலைக்குப் போனா பாயோட ஒட்டிருவாங்க, மந்திரம் போட்டிருவாங்க எண்டு காலங்காலமா கதைக்கிறாங்க. அதுல மந்திரம் ஒண்டும் இல்ல. வெளியூர்ல இருந்து வந்த வாத்தியாரோ கிளாக்கரோ இங்க கலியாணம் முடிச்சா வீடும் வளவும் வயலும் மனிசிட பேர்ல ரெடியா இருக்கும், சுத்தி மனிசிட சொந்தம், அவன் ஏன் திரும்பிப் போறான்? இங்கயே நிண்டு பிள்ளை பெத்து வயல் செய்து நல்லா வாழ்ந்த ஆக்கள் எத்தினை பேர்!

அக்கரை ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தங்கச்சி. அக்கரைப்பற்றுல இருந்து எழுதுறன். எங்கட ஆக்களுக்கும் குடி இரிக்கி, அதுவும் உம்மாட வழியாலதான். பழைய பள்ளிகள்ல ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருந்தாரு. தமிழ் ஆக்கள்ட கோயிலுக்கு வண்ணக்கர் எப்பிடியோ அப்பிடி எங்கட பள்ளிக்கு மரைக்கார். முக்குவருக்கும் திமிலர் எண்டுற இன்னொரு சமூகத்துக்கும் நடந்த பழைய சண்டையில எங்கட ஆக்கள் முக்குவருக்கு உதவி செய்து, இங்க பொண் எடுத்து குடியேறின கதை எங்கட மூத்தம்மா சொல்லுவா, ஏறாவூர் பக்கம் போனா இன்னும் விரிவா சொல்லுவாங்க. கடல் வழியா வந்த ஆம்புள இங்க பொண்ணு முடிச்சா அவனுக்கு இங்க தாய் தகப்பன் இல்ல, காணி இல்ல. அப்ப பிள்ளை தாய்ட ஆக்களோடதான் சேரும், குடியும் அங்கால இருந்துதான் வரும். இது எனக்கு சரியாத்தான் படுது.

இஸ்லாத்துல தகப்பன் வழிதானே, இது எப்பிடி எண்டு கன பேர் கேக்குறாங்க. அவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது மினாங்கபாவு ஆக்களைப் பத்தித்தான். இந்தோனேசியா மேற்கு சுமாத்திரா, தலைநகர் பாடாங். உலகத்துலயே பெரிய தாய்வழிச் சமூகம் அவங்கதான், எல்லாரும் முஸ்லிம்கள், தொழுகை நோன்பு எல்லாத்துலயும் நல்ல பிடிப்பு. எங்கட தம்பி மலேசியாவுல செரம்பான்ல வேலை செய்த நேரம் அங்க அவனோட இருந்த ஆக்களும் இந்த வம்சம்தான், நெகிரி செம்பிலான் மாநிலமே சுமாத்திராவுல இருந்து போன மினாங்கபாவு ஆக்கள் உண்டாக்கினது, அங்க இந்த வழக்கத்துக்கு அடாட் பெர்ப்பாதே எண்டு பேர். 1957ல மலாயா, அதுதான் பிறகு மலேசியா ஆனது, சுதந்திரம் எடுத்த நேரம் முதலாவது பேரரசரா வந்தவர் நெகிரி செம்பிலான் ஆள்.

அவங்கட வீட்டைப் பத்திச் சொல்லியே ஆகணும். ருமா கடாங், பெரிய மர வீடு, கூரை எருமைக் கொம்பு மாதிரி ரெண்டு பக்கமும் வளைஞ்சு மேல போகும். உள்ளுக்குப் பின்பக்கம் வரிசையா அறைகள், ஒவ்வொரு அறையும் அந்த வீட்டுப் பொம்புளப் பிள்ளை ஒராளுக்கு. புதுசா நிக்காஹ் முடிச்சவளுக்கு ஓரத்து அறை, அவள்ட மூத்தவள் அடுத்த அறைக்கு நகருவா, அடுத்த தங்கச்சி முடிச்சா இவளும் நகரணும். இதை வாசிச்ச நேரம் எனக்கு எங்கட உம்மாதான் ஞாபகம் வந்தா. மூத்த ராத்தா முடிச்ச நேரம் பெரிய வீட்டை குடுத்துட்டு அடுத்த வீட்டுக்கு, எனக்கு குடுத்துட்டு குசினிப் பக்கத்து அறைக்கு, கடைசித் தங்கச்சி முடிச்சதும் அவளோட.

அங்க ஆம்புளப் பிள்ளைகள் ஏழெட்டு வயசு தாண்டினா முந்தி வீட்டுல படுக்கிறதில்ல, சுராவ் எண்டுற சின்னப் பள்ளியில போய்த்தான் ஓதுறதும் படுக்கிறதும் சிலம்பம் மாதிரி சண்டை பழகுறதும். வளர்ந்தா ஊரை விட்டு வெளிக்கிட்டு உழைக்கப் போவாங்க, மெரந்தாவ் எண்டு அதுக்கு பேர். வீட்டுல அவங்களுக்கு அறை இல்ல, வயல் சகோதரிட. அப்ப உலகம் பார்க்கத்தானே வேணும். இந்தோனேசியாவுட முதலாவது உப ஜனாதிபதி ஹத்தா, முதலாவது பிரதமர் ஷஹ்ரிர் ரெண்டு பேரும் மினாங்கபாவு. எங்க போனாலும் பாடாங் சாப்பாட்டுக்கடை இருக்கிறதுக்கும் இதுதான் காரணம், ரெண்டாங் இறைச்சி எல்லாருக்கும் தெரிஞ்சது.

படுவான்கரை அண்ணன் முதுசம், தேட்டம் எண்டு சொன்னாரே, அதே பிரிவு அங்கயும் இரிக்கி. பரம்பரை வீடு, வயல் எல்லாம் ஹர்த்தா புசாக்கா, அது தாய் வழியாத்தான் போகும், விக்க ஏலாது. தான் உழைச்சுச் சேர்த்தது வேற, அதைப் பிள்ளைகளுக்கு ஷரீஅத் முறைப்படி பாகம் பிரிப்பாங்க. 19ஆம் நூற்றாண்டுல மார்க்கத்தை இறுக்கணும் எண்டு நிண்ட, பாத்ரி எண்டு பேர் எடுத்த ஆலிம்களுக்கும் பழைய வழக்கத்துக்காரருக்கும் பெரிய போரே நடந்தது, ஒல்லாந்தனும் அதுக்குள்ள புகுந்தான். கடைசியில வழக்கம் மார்க்கத்துல நிக்கும், மார்க்கம் குர்ஆன்ல நிக்கும் எண்டு ஒரு வசனத்துல ரெண்டையும் சேர்த்து வைச்சுக்கிட்டாங்க, அது இண்டைக்கும் அவங்கட வாயில இருக்கு.

இன்னும் கிட்ட வந்தா லட்சத்தீவு. அதுவும் கிட்டத்தட்ட முழுக்க முஸ்லிம்கள், தாய்வழி. முந்தி புருசன் ராவைக்கு மனிசி வீட்டுக்குப் போய் காலையில தன்ட உம்மா வீட்டுக்கு வந்திருவான். சொத்துக்கு அங்க வெள்ளியாழ்ச்சை சொத்து, திங்களாழ்ச்சை சொத்து எண்டு பேர் வைச்சிரிக்காங்க. வெள்ளிக்கிழமைச் சொத்து தறவாட்டுக்கு, திங்கட்கிழமைச் சொத்து சொந்தச் சம்பாத்தியம், அதைத்தான் விரும்பின ஆளுக்கு குடுக்கலாம். தமிழ்நாட்டுல காயல்பட்டினம், கீழக்கரை போனாலும் பொண்ணுக்கு வீடு, மாப்பிள்ளை அங்கதான். அப்ப ஒரு கடல் ஓரம் முழுக்க ஒரே வழக்கம், சுமாத்திரா, லட்சத்தீவு, கண்ணூர், காயல், அக்கரைப்பற்று. வியாபாரத்துக்கும் மீனுக்கும் ஆம்புள கடல்ல போனா வீட்டை யார் வைச்சிரிக்கிற? இருக்கிறவள்தானே.

கல்லாறு மாஸ்டர்:

பிள்ளை, நல்ல கேள்வி. நான் பள்ளிக்கூடத்துல புவியியல் படிப்பிச்சு ரிட்டயர் ஆன ஆள், ஏலெவல் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வந்தா நான் வரைபடத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு மணிக்கணக்குல கதைப்பன்.

முதல்ல ஒரு குழப்பத்தை எடுத்துப் போடணும். மூண்டு விசயம் தனித்தனி. வம்சம் யாரால வாறது எண்டது ஒண்டு, கலியாணம் முடிச்சு எங்க போய் இருக்கிற எண்டது ஒண்டு, வீட்டுல யார்ட சொல் எடுபடும் எண்டது வேற ஒண்டு. மூண்டும் எல்லா இடத்துலயும் சேர்ந்து வராது. கேரளாவுல முந்தி வம்சம் தாயால, ஆனா அதிகாரம் தாய்மாமன்ட கையில. மினாங்கபாவுலயும் மாமாக் எண்டுற தாய்மாமன் பெரிய ஆள். அதால தாய்வழி எண்ட உடனே பொம்பிளை ராச்சியம் எண்டு நினைக்கிறது பிழை.

இப்ப மேகாலயா. இந்தியாட வடகிழக்கு மூலை, 1972ல தனி மாநிலமானது, உலகத்துலயே கூட மழை பெய்யிற மௌசின்ராம், சிரபுஞ்சி எல்லாம் அங்கதான். அங்க காசி எண்டு ஒரு சனம், கிறிஸ்தவங்கள்தான் கூட. பிள்ளைகள் எடுக்கிறது தாய்ட குலப்பேரை. பரம்பரை வீடு யாருக்கு தெரியுமா? கடைசி மகளுக்கு. எங்கட ஊர்ல மூத்தவளுக்கு முதல்ல குடுத்து தாய் தகப்பன் இறங்கி இறங்கிப் போறாங்க, அங்க ஒருத்தரும் இறங்கத் தேவையில்ல, மற்ற மகள்மார் கலியாணம் முடிச்சு கொஞ்ச நாளையால வெளிய போய் வீடு கட்டுவாங்க, கடைசியாள் தாய் தகப்பனோடயே இருந்து அவங்களையும் பார்த்து, சகோதரங்கள் யாராவது நொடிஞ்சு வந்தா அவங்களையும் சேர்த்து, பழைய சமயத்து ஆக்களா இருந்தா சாங்கியம் எல்லாம் செய்து முடிக்கணும். சொத்து எண்டுறதை விட அது பொறுப்பு. வித்துத் திண்ண அவளுக்கு உரிமை இல்ல, மாமன்மார்ட சொல்லைக் கேக்கணும். அந்த ஊர் சின்ன அரசன், சியெம் எண்டு சொல்ற, அவனுக்குப் பிறகு வாறது அவன்ட மகன் இல்ல, சகோதரிட மகன். 1990ல ஆம்பிளையள் சேர்ந்து எங்களுக்கும் வம்சப்பேர் குடுக்கிற உரிமை வேணும், எங்களை விருந்தாளி மாதிரி வைச்சிருக்கிறாங்க எண்டு ஒரு இயக்கமே தொடங்கினாங்க. அந்தக் குறையையும் நாம காது குடுத்துக் கேக்கணும்.

சீனாவுல யுனான், சிச்சுவான் ரெண்டு மாகாணத்துக்கும் நடுவுல லூகு எண்டு ஒரு ஏரி, கடல் மட்டத்துல இருந்து 2,600 மீட்டருக்கு மேல, சுத்தி மலை. அதைச் சுத்தி இருக்கிறவங்க மோசுவோ. அங்க கலியாணம் முடிச்சு ஒருத்தரும் எங்கயும் போறதில்ல! பொம்பிளை தன்ட தாய் வீட்டுல, ஆம்பிளை தன்ட தாய் வீட்டுல. ராவைக்கு அவன் வருவான், விடிய முதல் போயிருவான். பிறக்கிற பிள்ளை தாய் வீட்டுல வளரும், தூக்கி வளர்க்கிறது மாமன்மார். தகப்பன் ஆரெண்டு தெரியும், அவன் விசேசங்களுக்கு வருவான், பொருள் கொண்டு வருவான், ஆனா அவன்ட உழைப்பு முழுக்க அவன்ட சகோதரிட பிள்ளைகளுக்கு. வீட்டுச் சாவியும் களஞ்சியமும் கிழவிட கையில. பதின்மூண்டு வயசு வரக்குள்ள பெட்டைக்கு பாவாடை உடுத்துற சடங்கு செய்வாங்க, அதுக்குப் பிறகுதான் பெரிய பிள்ளை எண்டு கணக்கு. இப்ப அங்க சுற்றுலாப் பயணிகள் கூடி, ராவைக்கு வந்து போறான் எண்ட ஒண்டை மட்டும் பிடிச்சுக்கொண்டு கண்டபடி எழுதுறாங்க, அது அந்தச் சனத்தைக் கேவலப்படுத்துற வேலை. குடும்பம் உடையாம, வயசான ஆக்கள் தனிச்சுப் போகாம, பிள்ளை தகப்பன் இல்லாம அலையாம வைச்சிருக்கிற ஒழுங்கு அது.

ஆபிரிக்காவுல கானா நாட்டு அசாந்தி ஆக்களைச் சொல்லாம முடிக்க ஏலாது. பிள்ளைக்கு இரத்தம் தாயால வாறது, ஆவி தகப்பனால வாறது எண்டு அவங்கட நம்பிக்கை. இரத்தம் எண்டா குடி, அபுசுவா எண்டு சொல்ற, எங்கட குடி மாதிரியே அதுக்குள்ள கலியாணம் இல்ல. ராசா சாகக்குள்ள அடுத்த ராசாவை பேர் சொல்லி முன்னுக்குக் கொண்டு வாறது அரசமாதா. 1900ல இங்கிலீஷ்காரன் அவங்கட தங்க ஆசனத்தைக் கேட்டு வந்த நேரம் ஆம்பிளையள் தயங்க, எஜிசு ஊர் அரசமாதா யா அசாந்தேவாதான் முன்னுக்கு நிண்டு போர் நடத்தினா.

வட அமெரிக்காவுல இரோகுவா எண்டு வெளி ஆக்கள் சொல்ற ஹோடினோஷோனி மக்கள், முந்தி நீட்டு வீடுகள்ல தாயும் மகள்மாரும் அவங்கட புருசன்மாரும் இருந்தாங்க. தலைவரைத் தெரிவு செய்யிறது குலத் தாய்மார், தலைவர் சரியில்ல எண்டா பதவியைப் பறிக்கிறதும் அவங்கதான். இங்கதான் நீங்க கேட்ட சொல்லுக்கு மதிப்பு எண்டது உண்மையா தெரியுது. சகாராவுல துவாரெக் ஆக்கள், முகத்தை மூடுறது ஆம்பிளை, கூடாரம் பொம்பிளைட. பிரிஞ்சா கூடாரம் அவளோடதான் போகும், அவன் இடம் தேடணும்.

களுவாஞ்சிக்காரி:

மாஸ்டர், ராத்தா, அண்ணா, எல்லாருக்கும் பெரிய நன்றி. இவ்வளவு இருக்கு எண்டு நான் நினைக்கவே இல்ல. கடைசி மகளுக்கு வீடு எண்டது அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன், அது நல்ல முறை, அப்பிடி எண்டா எங்களுக்கு இந்த வயசுல வீடு மாறத் தேவையில்லையே எண்டு சொன்னா.

ஆனா எனக்கு இன்னும் ஒண்டு கிடக்கு. எங்கட பக்கம் இது பொம்பிளைக்கு பலம் எண்டும் சொல்றாங்க, சீதனக் கொடுமை எண்டும் சொல்றாங்க. அப்பா எனக்கு வீடு கட்டக் கடன் எடுக்கணும், தம்பி படிப்பை முடிச்ச கையோட அந்தக் கடனைக் கட்டத் தொடங்கணும். இதை எப்பிடி நல்லது எண்டு முழு மனசோட சொல்லுற?

நல்லூரான்:

நான் யாழ்ப்பாணம். தங்கச்சிட ஒபீஸ்ல இருக்கிற எங்கட ஆள் ஏன் ஆச்சரியப்பட்டவர் எண்டு எனக்கு விளங்கேல்லை. எங்கடை பக்கமும் வீடு வளவு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் சீதனமா எழுதுறவை, கனபேர் மனிசி வீட்டிலதான் இருக்கினம். ஒல்லாந்தர் 1707ல சட்டமாக்கின யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டம் தேசவழமையிலயே சீதனம் எண்டது தாயிட சொத்து மகளுக்குப் போற வழி, முதுசம் தகப்பன் வழியா மகனுக்கு. எங்களுக்குக் குடி தாயால இல்லை, அது மட்டும்தான் பெரிய வித்தியாசம்.

உறுதி எழுதுற பிள்ளை:

நான் அம்பாறை மாவட்டத்துல காணி உறுதி, அதாவது பத்திரம் எழுதுற ஒரு நொத்தாரிசுட கந்தோர்ல வேலை செய்யிறன். தங்கச்சிட ரெண்டாவது கேள்விக்கு நான் வாறன், நான் தினமும் பார்க்கிறது இதைத்தான்.

எனக்கு விளங்கின வரைக்கும் வம்சம் தாயால வாறது எண்டதுல மட்டும் பொம்பிளைக்கு பலம் வாறதில்ல. பலம் வாறது ரெண்டுல. ஒண்டு, உறுதியில யார்ட பேர் இருக்கு எண்டதுல. மற்றது, கூப்பிட்ட குரலுக்கு தாயும் சகோதரியும் பக்கத்துல இருக்கிறதுல. புருசன் குடிச்சுட்டு வந்து கை நீட்டினா எங்கட ஊர்ல அவன்தான் வெளிய போகணும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவ றோட்டுல நிக்கிறதில்ல. யுத்தத்துல புருசன்மாரை இழந்த எத்தினை பேர் எங்கட பக்கம், அவங்களுக்கு இருந்த ஒரே பிடி அந்த வீடும் பக்கத்து வளவுல தங்கச்சியும்தான். இதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல.

அந்தப் பலத்தை வெளியில இருந்து வாற சட்டம் எவ்வளவு லேசா எடுத்துப் போடும் எண்டும் பாருங்க. 1935ல வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துல அரசாங்கம் பெர்மிட் குடுத்த காணிக்கு தனக்குப் பிறகு யாருக்கு எண்டு பின்னுரித்தாளர் பேர் போடாட்டி ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் முன்னுரிமை. கல்லோயாக் குடியேற்றத் திட்டத்துப் பக்கம் வயல் எடுத்த குடும்பங்கள்ல மகள்மார் அப்பிடியே ஒதுங்கிப் போனாங்க, 2022லதான் அதைத் திருத்தினது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டின வீட்டுத்திட்டங்கள்லயும் குடும்பத் தலைவர் எண்டு ஆம்பிளைட பேரைத்தான் கன இடத்துல பதிஞ்சாங்க. அவளுக்கு தாய் குடுத்த வளவை கடல் கொண்டு போச்சு, அதுக்குப் பதிலா கிடைச்ச வீடு அவன்ட பேர்ல. பொம்பிளையள்ட அமைப்புகள் எவ்வளவோ எழுதிக் கேட்டாங்க. கல்முனையில இருந்து வாகரை வரைக்கும் இந்தக் கதை இருக்கு.

கானாவுல இதுக்கு எதிர்ப்பக்கம் நடந்தது. மாஸ்டர் சொன்ன அதே அசாந்தி ஆக்களுக்குள்ள புருசன் செத்தா அவன்ட சொத்து அவன்ட தாய்வழிக் குடிக்குத்தான், சகோதரிட மகன் வந்து எல்லாத்தையும் எடுக்க மனிசியும் பிள்ளைகளும் வீட்டை விட்டு இறங்கணும். தாய்வழி எண்ட பேர்லயே ஒரு பொம்பிளை நடுத்தெருவுல! அதால 1985ல சட்டம் கொண்டு வந்து வீடும் வீட்டுச் சாமானும் மனிசிக்கும் பிள்ளைகளுக்கும் எண்டு ஆக்கினாங்க. அங்க மனிசிக்கு சொந்த வீடு இருந்திருந்தா அந்தச் சட்டத்துக்கே அவ்வளவு தேவை வந்திராது. நாங்க வைச்சிருக்கிறதுட பெறுமதி அப்பதான் விளங்கும்.

சீதனம் எண்ட பக்கம் வேற கதை, அதுல நான் வழக்கத்துக்குப் பக்கம் நிக்க மாட்டன். மகளுக்கு வீடு குடுக்கிறது எங்கட பழைய ஒழுங்கு. மாப்பிள்ளை வீட்டார் வந்து ரெண்டு மாடி வேணும், டைல்ஸ் வேணும், மோட்டார் சைக்கிளும் கைக்கூலி எண்டு காசும் வேணும் எண்டு கேக்கிறது அந்த ஒழுங்கு இல்ல, அது வியாபாரம். சவூதிக்கும் கட்டாருக்கும் தாயைப் பணிப்பெண்ணா அனுப்பி மகளுக்கு கூரை போடுற வீடுகள் எங்கட ஊர்ல எத்தினை! ராத்தா, நீங்க சொன்ன சுமாத்திராவுலயும் இப்பிடி இருக்கா?

அக்கரை ராத்தா:

ஓம் பிள்ளை, இரிக்கி. மினாங்கபாவு ஆக்களுக்குள்ள பாரியாமான் எண்டு ஒரு கரையோரப் பகுதி, அங்க பொண்ணு வீட்டார் மாப்பிள்ளையைக் கூட்டி வாறதுக்கு காசு குடுக்கணும், ஊவாங் ஜாப்பூட் எண்டு சொல்ற. முந்தி நல்ல குடும்பத்து ஆம்புளைக்கு மட்டும் குடுத்த மரியாதை, இப்ப டாக்டர், எஞ்சினியர் எண்டா தொகை கூடும். அந்த ஆக்களுக்குள்ளயே அதுக்கு எதிரா கதைக்கிறவங்க கனபேர். ஆனா ஒரு நல்ல விசயம், கலியாணம் முடிஞ்ச பிறகு மாப்பிள்ளைட வீட்டாரும் பொண்ணுக்கு நகையோ காசோ திருப்பிக் குடுக்கிற முறை அங்க இரிக்கி. எங்கட ஊர்ல திருப்பி வாறது எங்க?

எங்கட மார்க்கத்துல மஹர் குடுக்கிறது ஆம்புள. அதைப் பேருக்கு வைச்சிட்டு கைக்கூலி வாங்குறதை ஆலிம்மார் மிம்பர்ல பேசுறாங்க, கொஞ்சம் குறைஞ்சிரிக்கி, இன்னும் போகல்ல. மற்றது காணி. காத்தான்குடிப் பக்கம் போய்ப் பாருங்க, மகளுக்கு மகள் பிரிச்சுப் பிரிச்சு வளவு கையளவாப் போச்சு, ஒழுங்கையில ஒரு ஓட்டோ திரும்ப ஏலாது. இனி மேல தட்டுத்தான் கட்டணும். ஒரு மகளுக்கு கீழ, ஒரு மகளுக்கு மேல எண்டு எங்கட ஊர்லயும் தொடங்கிட்டாங்க, அது எனக்கு நல்லதாத்தான் படுது, சகோதரிமார் பிரியாம இருக்கலாம், கடனும் குறையும்.

உறுதி எழுதுற பிள்ளை:

அது நல்ல யோசனை ராத்தா, அப்பிடிக் கட்டினா மாடிக்கும் கீழுக்கும் பாகத்தை தெளிவா எழுதி, படிக்கட்டும் கிணறும் ரெண்டு பேருக்கும் பொது எண்டு போட்டு வைக்கணும், இல்லாட்டி பிள்ளைகள்ட காலத்துல வழக்கு வரும்.

களுவாஞ்சித் தங்கச்சி, உங்கட வீட்டுல அப்பாக்கு ரெண்டு விசயம் சொல்லுங்க. ஒண்டு, கடன் எடுத்து பெரிய வீடு தேவையில்ல, ரெண்டு அறையும் குசினியும் காணும், உறுதி உங்கட பேர்ல மட்டும் இருக்கட்டும், மாப்பிள்ளை வீட்டார் ரெண்டு பேர் பேர்லயும் எழுதச் சொன்னா விட்டுக்குடுக்க வேணாம். மற்றது, நன்கொடை உறுதி எழுதக்குள்ள அம்மா அப்பாக்கு சீவிய உரித்து வைச்சு எழுதச் சொல்லுங்க. அப்பதான் அவங்க இருக்கும் வரைக்கும் அந்த வீட்டுல இருக்க அவங்களுக்கு சட்டப்படி உரிமை இருக்கும், யாரும் எழும்பச் சொல்ல ஏலாது. அக்காட உறுதியில அது இருக்கா எண்டும் ஒருக்கா எடுத்துப் பாருங்க.

களுவாஞ்சிக்காரி:

அக்காட உறுதியில இல்ல, இப்பதான் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தன். எனக்கு எழுதக்குள்ள கட்டாயம் சொல்லுறன். தம்பிட கடன் கதையையும் ராவைக்கு அப்பாவோட கதைக்கிறன், மேல தட்டு யோசனைக்கு அக்காவும் ஓம் எண்டுட்டா. அந்த சேருக்கு நாளைக்கு பாடாங்கும் லூகு ஏரியும் வரைபடத்துல காட்டுவன், மேகாலயாக்கு மட்டும் மாஸ்டர் சொன்ன மழை ஊர்ட பேரை இன்னொருக்கா வடிவா எழுதிப் போடுங்க, தேடினா வருதில்ல.

கல்லாறு மாஸ்டர்:

மௌசின்ராம், பிள்ளை. ஷில்லோங்ல இருந்து தெற்கால பாருங்க, பங்களாதேஷ் எல்லைக்குக் கிட்ட, சிரபுஞ்சிக்கு மேற்குப் பக்கம்.